486-ல நெட்பிஎஸ்டி: வேலைக்கு ஆகுமா, வெட்டி வேலையா?

கருந்திரை: 16 எம்பி ரேம்ல ஒரு 486 (பழைய ப்ராசசர்) டெஸ்க்டாப் கிடைச்சிருக்கு, நெட்பிஎஸ்டிங்கற யூனிக்ஸ் வகை ஓப்பன் சோர்ஸ் ஓஎஸ் போடப்போறேன். லினக்ஸ் பக்கம் போக மனசில்ல, அதோட மையமான கெர்னல்ல 3.8-லயே 486-க்கு முந்தின 386-ஐ தூக்கிட்டாங்க, டெபியன்ங்கற லினக்ஸ் வகை இப்ப 486-க்கு அப்புறம் வந்த 686-க்கு கீழ எட்டிக்கூட பாக்காது. யாராச்சும் போட்டிருக்கீங்களா?

டாஸ்பிரியன்: போட்டா பூட் ஆகும், லாகின் ப்ராம்ப்ட் வரும், போட்டோ எடுத்து இங்க போடுவீங்க. அப்புறம் என்ன பண்ணுவீங்க? 16 எம்பில எல்லா டிரைவரும் சேர்ந்த ஜெனெரிக் கெர்னல ஏத்தவே இடம் பத்தாது ப்ரோ. பழைய டாஸ் மாதிரியே இருக்கற ஃப்ரீடாஸ் போடுங்க, 1994-ல ஜிம் ஹால் ஆரம்பிச்சது, அதுவும் ஓப்பன் சோர்ஸ்தான், ரேம்ல பெரும்பகுதி சும்மா கிடக்கும்.

கருந்திரை: ஜெனெரிக்க யாரு போடப்போறா? பில்ட்.எஸ்ஹெச்னு ஒரு ஸ்க்ரிப்ட் இருக்கே, வேகமான லினக்ஸ் மெஷின்லயே 486-க்கான கெர்னல கம்பைல் பண்ணிடலாம், யூஎஸ்பி, ஏசிபிஐ, தேவையில்லாத டிரைவர் எல்லாத்தையும் வெட்டிட்டா சின்னதாயிடும். டாஸ்ல ஒரு நேரத்துல ஒரு ப்ரோக்ராம்தான், ஒன்னு தொங்கினா மொத்த பெட்டியும் ரீபூட்.

டாஸ்பிரியன்: அதுக்குப் பேரு இன்ஸ்டால் இல்ல, தவம் 😄 முதல் பூட்ல எஸ்எஸ்ஹெச் (ரிமோட் லாகின்) கீ உருவாக்கும் பாருங்க, மெஷின் செத்துப்போச்சுன்னே நினைப்பீங்க. நெட்வொர்க்தான் வேணும்னா நெட்வொர்க் கார்டுக்கான பாக்கெட் டிரைவர், எம்டிசிபிங்கற டாஸ் நெட்வொர்க் ப்ரோக்ராம் தொகுப்பு போதும், எஃப்டிபி ஐஆர்சி எல்லாம் ஓடும்.

கருந்திரை: கீய வேற மெஷின்ல உருவாக்கி காப்பி பண்ணிக்கலாம் சார், இதெல்லாம் ஒரு காரணமா? பேட்ச் வர்ற ஓஎஸ் வேணும்ங்கறதுதான் என் கட்சி.

சால்டர்புகை: ரெண்டு பேரும் சாஃப்ட்வேர்லயே நிக்கறீங்க. பழைய பயாஸ் (மெஷின் ஆன் ஆனதும் முதல்ல ஓடற போர்டு ப்ரோக்ராம்) 504 எம்பிக்கு மேல டிஸ்க்க பாக்காது, கெர்னல் அதுக்குள்ள இல்லைன்னா அத ஏத்தற பூட்லோடராலயே படிக்க முடியாது, அதனால ரூட் பார்ட்டிஷன முன்னாடி சின்னதா வைங்க. ஐடிஇ அடாப்டர்ல காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டு போடறதுன்னா அத அந்த 486-லயே பார்ட்டிஷன் பண்ணுங்க, வேற மெஷின்ல பண்ணா ஜியாமெட்ரி (டிஸ்க்க பிரிச்சு எண்ணற கணக்கு) மாறி படுத்தும்.

டாஸ்பிரியன்: பாத்தீங்களா, இன்னும் ஒரு தலைவலி.

சால்டர்புகை: ஃப்ரீடாஸ்க்கும் அதே பயாஸ்தான் சார். கருந்திரை, போர்டுல பீப்பா மாதிரி நிக்கேட் (நிக்கல்-காட்மியம்) பேட்டரி இருந்தா இன்னைக்கே கழட்டுங்க, அது ஒழுகி கீபோர்டு கனெக்டர் பக்கத்து ட்ரேஸ (போர்டுல இருக்கற செம்புக் கோடு) தின்னுட்டா ரெண்டு ஓஎஸ்ஸும் கிடையாது.

கருந்திரை: இருக்கு, அடில பச்சையா ஏதோ பூத்திருக்கு. வினிகர்ல தொடைக்கலாமா?