ஆலயத்தில் சத்தம் கேட்கிறது, பிரசங்கம் புரியவில்லை: அவசர உதவி தேவை

கடைசிவரிசை:
அனைவருக்கும் ஸ்தோத்திரம். போதகர் பேசுவது பின்வரிசைகளில் இருப்பவர்களுக்குப் புரியவில்லை என்ற குறை எங்கள் ஆலயத்தில் நெடுநாளாக இருந்தது. அதைத் தீர்ப்பதற்காகப் பெரிய ஸ்பீக்கர்கள் இரண்டைப் புதிதாகப் பொருத்தினோம். நிலைமை முன்பைவிட மோசமாகிவிட்டது. சத்தத்திற்குக் குறைவில்லை. ஆனால் அவர் ‘கிருபை’ என்றால் ‘இஉவை’ என்றுதான் காதில் விழுகிறது. சத்தத்தைக் கூட்டினால் மைக் ஊளையிடுகிறது. ஒலியின் தாழ்ந்த, உயர்ந்த பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் எந்தக் குமிழை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். ஞாயிறு நெருங்குகிறது.

மிக்சர்மேசை:
குமிழைப் பற்றிப் பிறகு பேசலாம், சகோதரரே. ஆலயத்தின் நீளம், அகலம், உயரம் என்ன? ஸ்பீக்கர்கள் மொத்தம் எத்தனை, எங்கே, எந்தப் பக்கம் பார்த்து மாட்டப்பட்டுள்ளன? போதகர் பேசுவது பிரசங்கப் பீடத்து மைக்கிலா, காலர் மைக்கிலா?

கம்பிச்சுருள்:
எனக்கு அந்த விவரங்கள் எதுவும் தேவையில்லை. இது மைக்கின் தவறுதான். போதகரின் வாய்க்கும் மைக்குக்கும் இடையே ஒரு சாண் தூரம் இருக்கட்டும், 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலியை வெட்டிவிடுங்கள், குரல் தானாகத் தெளியும். பீடத்தைவிட்டு இரண்டடி விலகி நின்று பேசுகிறவருக்கு எந்த ஸ்பீக்கராலும் உதவ முடியாது.

சதுரமூலம்:
இதே கேள்வி இங்கே பலமுறை வந்துவிட்டது. கேட்பவர்கள் தேடிப் பார்க்கும் வழக்கத்தை எப்போது கற்பார்களோ. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சொற்பொழிவு புரியாத ஓர் அறையைச் சரிசெய்ய 1895இல் வாலஸ் சாபைன் முனைந்தார். வேறோர் அரங்கத்து இருக்கை மெத்தைகளை இரவுகளில் சுமந்து வந்து அடுக்கி, முழக்கம், அதாவது பேச்சு நின்ற பிறகும் அறையில் சுழலும் ஒலி, அடங்க எத்தனை விநாடி ஆகிறது என்று அவர் அளந்ததிலிருந்துதான் இந்தத் துறையே பிறந்தது. மீட்டர் கணக்கில் அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் மொத்தப் பரப்பால் வகுத்தால் முழக்க நேரம் கிடைத்துவிடும். அதைக்கூட அறியாமல் பெரிய ஸ்பீக்கர் வாங்குவது, இருட்டில் கண்ணாடி மாற்றிக்கொள்வதைப் போன்றது.

திரைச்சீலை:
கணக்கெல்லாம் எதற்கு? சுவர் முழுவதும் துணித் திரை தொங்கவிடுங்கள், நடைபாதையில் கம்பளம் விரியுங்கள். எங்கள் ஜெப அறையில் அப்படித்தான் சரியாயிற்று.

கடைசிவரிசை:
மன்னிக்கவும், முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நீளம் 30 மீட்டர், அகலம் 12, உயரம் 9. முன்னால் ஆல்டரின் (பலிபீடத்தின்) இரு பக்கமும் சுவரில் ஆறு மீட்டர் உயரத்தில் பழைய ஸ்பீக்கர்கள் நேராகப் பார்த்தபடி உள்ளன. புதியவை இரண்டும் பின்சுவரில் ஆல்டரைப் பார்த்து மாட்டப்பட்டுள்ளன. பீடத்து மைக், பாடற்குழு மைக் எல்லாம் சேர்த்து எட்டு. எட்டும் ஆராதனை முடியும்வரை திறந்தே இருக்கும். வெறும் ஆலயத்தில் கைதட்டினால் ஏறத்தாழ மூன்று விநாடி ஒலிக்கிறது. இன்னொன்று: முன்பு பின்வரிசையில் மட்டும் இருந்த குழப்பம், இப்போது முன்வரிசையிலும் இருக்கிறது.

மிக்சர்மேசை:
அந்தக் கடைசி வாக்கியத்தை முதலில் எழுதியிருந்தால் பாதி இழை மிச்சமாகியிருக்கும். ஒலி ஒரு மீட்டர் செல்ல ஏறத்தாழ 2.9 மில்லி விநாடி எடுத்துக்கொள்கிறது. முன்வரிசைக்காரருக்கு முன் ஸ்பீக்கரைவிடப் பின் ஸ்பீக்கர் 24 மீட்டர் தூரம் கூடுதல் என்றால், அதே சொல் 70 மில்லி விநாடி கழித்து முதுகுப் பக்கமிருந்து மறுபடியும் வருகிறது. பின்வரிசைக்காரருக்கு இது தலைகீழ். தாமதம் 30 மில்லி விநாடிக்குள் இருந்தால் காது இரண்டையும் ஒரே ஒலியாகச் சேர்த்துக்கொள்ளும். பேச்சில் அது 50ஐத் தாண்டினால் இரண்டாவது குரலாகவே விழத் தொடங்கும். அது போதாதென்று அந்தப் பின் ஸ்பீக்கர் பெட்டிகள் நேராகப் பீடத்து மைக்கைப் பார்த்து முழங்குகின்றன. மைக் ஊளையிடாமல் என்ன செய்யும்?

ஆகவே புதியவற்றை இன்றே நிறுத்திவைத்துவிட்டு, முன் ஸ்பீக்கர்களின் முகத்தைக் கீழே சாய்த்து, கடைசி வரிசைகளின் தலைகளை நோக்கித் திருப்புங்கள். நேராகப் பார்க்கும் பெட்டி பின்சுவருக்கும் கூரைக்கும்தான் பிரசங்கம் செய்கிறது. உங்கள் மண்டபத்தின் அளவுக்கும் மூன்று விநாடி முழக்கத்துக்கும், சாதாரணப் பெட்டியிலிருந்து நான்கைந்து மீட்டர் தாண்டினாலே நேர் ஒலியும் சுவர்கள் திருப்பியனுப்பும் ஒலியும் சமமாகிவிடும். அதற்கப்பால் சத்தத்தைக் கூட்டினால் இரண்டும் சேர்ந்தே கூடும், தெளிவு கூடாது. பின்னால் இருப்பவர்களுக்கு உதவ வேண்டுமென்றால் நடுவில், ஆல்டரிலிருந்து 14 மீட்டரில், ஒடுங்கி நீண்ட சிறிய ஸ்பீக்கர் பெட்டிகளைப் பின்பக்கம் பார்த்து மாட்டி, 14 மீட்டருக்கான 41 மில்லி விநாடியுடன் இன்னும் பத்து சேர்த்து, அவற்றின் ஒலி தாமதமாக வரும்படி டிலே கொடுங்கள். அந்தப் பத்தினால்தான் குரல் பீடத்திலிருந்தே வருவதாகக் காது நம்பும்.

பிரசங்க நேரத்தில் மற்ற ஏழு மைக்குகளையும் மூடிவிடுங்கள். திறந்த மைக்குகள் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும், ஊளை தொடங்கும் எல்லை 3 டெசிபெல் நெருங்கி வரும். எட்டு என்றால் 9 டெசிபெல் வீண்.

கம்பிச்சுருள்:
அப்படியானால் மைக் என்று நான் சொன்னது சரிதானே?

பாடற்குழுஆல்டோ:
திரைச்சீலை அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மெல்லிய துணியும் கம்பளமும் உயர் அதிர்வெண்களைத்தான் விழுங்கும். ச, ட, த ஆகியவற்றைப் பிரித்துக் காட்டுவது அந்த 2000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பகுதிதான். தாழ்ந்த அதிர்வெண்களின் முழக்கம் குறையாமல் அப்படியே இருக்கும். பேச்சும் தெளியாது, பாட்டின் உயிரும் போய்விடும். நாங்கள் நான்கு குரலில் பாடும்போது அந்த முழக்கம்தான் எங்களைத் தாங்குகிறது.

திரைச்சீலை:
ஆலயம் வசனத்தைக் கேட்பதற்கா, பாடற்குழு தன் குரலைத் தானே ரசிப்பதற்கா? மைக்கே இல்லாத காலத்தில் மக்களுக்குப் பிரசங்கம் புரியவில்லையா என்ன?

பாடற்குழுஆல்டோ:
புரிந்தது, ஐயா. பீடத்துக்கு மேலே ஒலித்தட்டு என்று ஒரு பலகையைக் கூரைபோல் பொருத்தியிருந்தார்கள்; மேலே போகும் குரலை அது மக்கள் பக்கம் திருப்பியது. பேசுபவரும் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திப் பேசினார். அந்தக் காலத்திலும் யாரும் திரை தொங்கவிடவில்லை.

சதுரமூலம்:
இருவரும் மிக முக்கியமான உறிஞ்சியை மறந்துவிட்டீர்கள்: மனிதர்கள். 3240 கன மீட்டரில் மூன்று விநாடி என்றால் உறிஞ்சும் பரப்பு 174 சதுர மீட்டர். ஆளுக்கு அரை சதுர மீட்டர் வீதம் 250 பேர் அமர்ந்தால், முழக்கம் 1.7 விநாடிக்கு இறங்கிவிடும். வெறும் மண்டபத்தில் சனிக்கிழமை அமைத்த ஈக்வலைசர் ஞாயிற்றுக்கிழமைக்குப் பொருந்தாததும் அதனால்தான்.

மிக்சர்மேசை:
கடைசிவரிசை அவர்களே, சோதித்துப் பார்க்கும்போது எல்லோருக்கும் மனப்பாடமான சங்கீதம் 23ஐ வாசிக்க வேண்டாம். அது பாதி கேட்டாலே மீதியை மனம் நிரப்பிக்கொள்ளும். வேதாகமத்தில் 1 நாளாகமத்தின் முதல் அதிகாரத்திலுள்ள, அவ்வளவாகப் பழகாத பெயர்களை ஒருவர் வாசிக்க, பின்வரிசையில் ஒருவர் உட்கார்ந்து காதில் விழுந்ததை எழுதட்டும்.

கடைசிவரிசை:
பின் ஸ்பீக்கர்களை நிறுத்தினோம், முன்னவற்றைச் சாய்த்தோம், ஏழு மைக்குகளை மூடினோம். இருபது பெயர்களில் முதலில் ஆறுதான் சரியாக எழுதப்பட்டன, இப்போது பதினைந்து. ஊளை இல்லை. நடுவில் பெட்டி வைக்கச் சபைக் கமிட்டியிடம் கேட்டிருக்கிறோம். நன்றி.

திரைச்சீலை:
மீதி ஐந்து பெயர்களுக்குத் திரை போட்டுப் பாருங்கள்.

மிக்சர்மேசை:
அந்த ஐந்தையும் எழுதியவர் எந்த இருக்கையில் இருந்தார்? சுவர் ஓரமா, நடுவிலா?