எபேசியர் ஐந்தாம் அதிகாரத்தை நான் வாசித்த நாள்

கிறிஸ்தவ விசுவாசத்தை விட்டு வெளியே வந்து எனக்கு ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. கடவுள் இல்லை என்ற முடிவுக்கு வந்தபோது பெரிய துயரம் எதுவும் ஏற்படவில்லை; துயரப்பட வேண்டியதையெல்லாம் அதற்கு முந்தைய ஆண்டுகளிலேயே பட்டு முடித்திருந்தேன். ஆனால் வேதத்தில் பெண்களைப் பற்றி எழுதப்பட்டிருக்கும் வசனங்கள் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. நம்பிக்கை போன பிறகும் அவை ஏன் உள்ளே இருந்து பேசுகின்றன என்பதைத்தான் இங்கே சொல்ல முயல்கிறேன்.

எங்கள் குடும்பம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஐந்து தலைமுறையாகப் புராட்டஸ்டன்ட் சபையில் இருக்கிறது. ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் வேதத்தை ஆதியாகமத்திலிருந்து தொடங்கி, நாளுக்கு மூன்று அதிகாரமாக வாசித்துக்கொண்டு போவது எங்கள் வீட்டு வழக்கம். இந்தக் கணக்கில் வாசிப்பவர்களுக்குத் தெரியும், பிப்ரவரி முதல் வாரத்தில் லேவியராகமத்தின் நடுப்பகுதி வந்துவிடும். என் மகள் பிறந்தது ஒரு ஜனவரி எட்டாம் தேதி. அம்மா வீட்டில், குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு அந்த வாரத்துக்குரிய அதிகாரங்களை வாசித்தேன். ஆண்பிள்ளை பெற்றவள் ஏழு நாள் தீட்டாயிருந்து, பிறகு முப்பத்துமூன்று நாள் சுத்திகரிப்பின் நாள்களைக் கழிக்க வேண்டும். பெண்பிள்ளை பெற்றவளுக்கு அது இரண்டு வாரமும் அறுபத்தாறு நாளும். அதற்கு முன்பும் பலமுறை வாசித்த பன்னிரண்டாம் அதிகாரம்தான். மடியில் பெண்பிள்ளை இருந்ததால் அன்றுதான் அந்த நாள்களைக் கூட்டி, நாற்பது, எண்பது என்று பார்த்தேன். அடுத்த சில நாளில் இருபத்தேழாம் அதிகாரம் வந்தது. பொருத்தனை பண்ணப்பட்டவர்களுக்கு, அதாவது தேவனுக்கு நேர்ந்துகொள்ளப்பட்டவர்களுக்கு, விலை மதிக்கும் பகுதி அது. ஒரு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள ஆண்பிள்ளைக்கு ஐந்து வெள்ளிச் சேக்கல், பெண்பிள்ளைக்கு மூன்று. என் மகளுக்கு அந்த வாரம்தான் ஒரு மாதம் நிறைந்திருந்தது.

பிள்ளைக்காக ஜெபிக்க வீட்டுக்கு வந்திருந்த போதகரிடம் இதைக் கேட்டேன். அவர் நல்ல மனிதர், கோபப்படவில்லை. "நாம நியாயப்பிரமாணத்துக்குக் கீழ இல்லம்மா, கிருபைக்குக் கீழ இருக்கோம்" என்றார். அந்தச் சட்டம் என்னைக் கட்டுப்படுத்துமா என்று நான் கேட்கவில்லை. நான் வணங்கும் தேவன் ஒரு காலத்திலாவது பெண்பிள்ளையின் பிறப்பை இரண்டு மடங்கு தீட்டு என்று ஏன் சொன்னார் என்பதே என் கேள்வி. கிருபைக்குக் கீழே வந்தாலும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை என்பது புதிய ஏற்பாட்டை வாசித்தவர்களுக்குத் தெரியும். ஆதாம் வஞ்சிக்கப்படவில்லை, ஸ்திரீயானவளே வஞ்சிக்கப்பட்டாள் என்றும், அவள் பிள்ளைப்பேற்றினாலே இரட்சிக்கப்படுவாள் என்றும் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம் சொல்கிறது.

இதை எழுதும்போதே என் மனம் மறுபக்கத்தையும் இழுத்துக்கொண்டு வருகிறது. திருவிதாங்கூரில் எங்கள் சமூகத்துப் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் அடிபட்டு, 1859-இல் அரச பிரகடனம் வரும் வரை போராடினார்கள். அந்தப் போராட்டத்தில் மிஷனரிகளின் சபை அவர்கள் பக்கம் நின்றது. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளைச் சேர்த்துப் பள்ளி நடத்தி, எழுத்தோடு லேஸ் பின்னலையும் கற்றுக் கொடுத்தார். என் பாட்டி மடியில் உருண்டைத் தலையணையை வைத்து, மரக்கட்டைகளில் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றிப் போட்டு லேஸ் பின்னுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். கை ஓடிக்கொண்டே இருக்கும், வாய் வேதத்தின் சங்கீதங்களைச் சொல்லிக்கொண்டே இருக்கும். எங்கள் வீட்டுப் பெண்கள் எழுத்துக் கற்றதே அந்தப் புத்தகத்தை வாசிப்பதற்காகத்தான். அவர்களுக்கு உடையும் எழுத்தும் கைத்தொழிலும் கொடுத்த சபையின் கையில் இருந்த அதே புத்தகம், சபையில் வாய் திறக்காதே என்றும் சொன்னது. இந்த இரண்டில் ஒன்றைப் பொய் என்று தள்ளிவிட்டால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். இரண்டும் உண்மையாக இருப்பதால்தான் இத்தனை ஆண்டுகளாக இதோடு மல்லுக்கு நிற்கிறேன்.

என் சித்தியைப் பற்றிச் சொல்லாமல் என் கோபத்தை விளக்க முடியாது. 1990களின் தொடக்கத்தில் அவர் இரண்டு முறை அடி தாங்காமல் எங்கள் வீட்டுக்கு வந்தார். இரண்டாம் முறை வந்தபோது இடது தாடை வீங்கி, கஞ்சியைக் கூட ஒரு பக்கமாகத்தான் விழுங்கினார். சபை மூப்பர்கள் இரண்டு பேர் வந்து திண்ணையில் உட்கார்ந்து, பேதுருவின் முதல் நிருபம் மூன்றாம் அதிகாரத்தை வாசித்தார்கள். திருவசனத்துக்குக் கீழ்ப்படியாத புருஷன் கூட, மனைவியின் நடக்கையினாலேயே ஆதாயப்படுத்திக்கொள்ளப்படுவான், அதாவது விசுவாசத்துக்கு வருவான், என்று இருக்கும் பகுதி அது. மறுநாள் காலையில் சித்தி திரும்பிப் போனார். சட்டத்தின் கதவும் அன்று அவருக்கு ஏறக்குறைய மூடியே இருந்தது. கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின்படி, மனைவி சோரம் போனாள் என்பதை நிரூபித்தாலே கணவன் விடுதலை பெற்றுவிடலாம். மனைவியோ கணவனின் கொடுமையை மட்டும் காட்டி விவாகரத்துப் பெற முடியாது, அதோடு அவன் சோரம் போனதையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். 2001-இல்தான் அந்த வேறுபாடு நீக்கப்பட்டது. சித்தி அதற்குள் எதையும் கேட்கும் நிலையைக் கடந்திருந்தார். அவருடைய அடக்க ஆராதனையில் நீதிமொழிகள் முப்பத்தொன்றாம் அதிகாரத்தை எடுத்து, குணசாலியான ஸ்திரீ என்று பிரசங்கம் செய்தார்கள். நான் அன்று எழுந்து வெளியே போகவில்லை. போயிருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

வேத ஆராய்ச்சியாளர்கள் எழுதியவற்றை நான் வாசித்ததெல்லாம் சபையை விட்ட பிறகுதான். சபைகளில் ஸ்திரீகள் பேசாமலிருக்க வேண்டும் என்னும் கொரிந்தியர் வசனங்கள் சில பழைய பிரதிகளில் அதிகாரத்தின் கடைசிக்கு இடம் மாறி நிற்பதையும், தீமோத்தேயு நிருபங்களை அப்போஸ்தலன் பவுலே எழுதினார் என்பதை ஆராய்ச்சியாளர்களில் பெரும்பாலோர் ஏற்பதில்லை என்பதையும், ரோமர் பதினாறாம் அதிகாரத்தில் அப்போஸ்தலருக்குள் பெயர்பெற்றவளாகச் சொல்லப்படும் யூனியா என்ற பெண்ணைப் பிற்காலத்தில் சிலர் ஆணாக மாற்றி வாசித்ததையும் அப்போதுதான் அறிந்தேன். இந்த வாசிப்புகள் சபைக்குள்ளேயே இருந்து போராடும் பெண்களுக்குப் பெரிய துணை. 2013-இல் தென்னிந்தியத் திருச்சபையில் புஷ்பா லலிதா முதல் பெண் பேராயரானபோது, அப்போதே நம்பிக்கை பாதி கழன்றிருந்தாலும், நான் மனதார மகிழ்ந்தேன். ஆனால் இவை எதுவும் எனக்கு ஆறுதலாக இல்லை. சித்தியிடம் யாரும் கிரேக்க மூலத்தைக் காட்டவில்லை. தமிழில் அச்சாகியிருந்ததைத்தான் காட்டினார்கள்.

வெளியே வந்த பிறகு சந்தித்த இன்னொரு சங்கடமும் உண்டு. நான் விலகியதை அறிந்த சிலர், கிறிஸ்தவர்களைத் தாழ்த்திப் பேசுவதற்கு என் கேள்விகளை எடுத்துக்கொள்ளப் பார்த்தார்கள். அதற்கு நான் இடம் கொடுப்பதில்லை. மாதவிலக்கின்போது பின்வாசலில் உட்கார வைக்கப்பட்ட பெண்கள் எங்கள் தெருவில் எல்லா மதத்து வீடுகளிலும் இருந்தார்கள். என் வழக்கு என் வீட்டுப் புத்தகத்தோடு. அதைப் பக்கத்து வீட்டாரின் சண்டைக்குக் கடனாகத் தர மாட்டேன்.

அந்தப் புத்தகம்தான் எனக்கு எழுத்துத் தமிழைக் கற்றுத் தந்தது என்பதே எல்லாவற்றையும் விடக் கடினமானது. இன்றும் அலுவலகக் கூட்டத்தில் ஒரு ஆண் அதிகாரி தவறான ஒன்றைச் சொல்லும்போது, மறுத்துப் பேச வாயெடுக்கும் நொடியில், "அவள் அமைதலாயிருக்கவேண்டும்" என்ற வாக்கியம் முதலில் வந்து நிற்கிறது. அதைத் தாண்டித்தான் பேசுகிறேன்.

சென்ற ஆண்டு அண்ணன் மகளுக்குத் திருமணம். நான் விசுவாசத்தில் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும், "அத்தை வாசிச்சாத்தான் எனக்குக் கல்யாணம் மாதிரி இருக்கும்" என்று வேதபாடத்தை வாசிக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தாள். சீட்டில் எபேசியர் 5:22 முதல் 33 வரை என்று எழுதியிருந்தது; மனைவிகளைப் புருஷருக்குக் கீழ்ப்படியச் சொல்லித் தொடங்கும் பகுதி அது. மறுக்கலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். பழைய பிரதிகள் சிலவற்றில் இருபத்திரண்டாம் வசனத்தில் 'கீழ்ப்படியுங்கள்' என்ற வினைச்சொல்லே இல்லை, அதை முந்தின வசனத்திலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று படித்தது நினைவுக்கு வந்தது. பீடத்தின் அருகே நின்று, சீட்டில் இல்லாத இருபத்தோராம் வசனத்திலிருந்து தொடங்கினேன்: "தெய்வபயத்தோடே ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்." பிறகு மற்றவற்றை ஒரு சொல்லும் விடாமல் வாசித்தேன். புருஷன் மனைவிக்குத் தலையாயிருக்கிறான் என்ற இடத்தையும் விடவில்லை. விட்டுவிட்டால் அது அங்கே இல்லை என்று பொய் சொன்னதாகிவிடும். திருமணத்தை நடத்திய போதகர் ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அன்று இரவு, விருந்தினர்கள் போன பிறகு, அம்மா பட்டுச்சேலையைக் கூட மாற்றாமல் வேதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டு, அந்தப் பக்கத்தைத் தேடி, இருபத்தோராம் வசனத்தில் விரலை வைத்தார்.

"இது எப்பவும் இஞ்சதான் கெடந்ததா மக்களே?"

"ஆமாம்மா."

விரலை எடுக்காமல் இரண்டாவது முறையும் உதடசைத்து வாசித்தார்.

"உனக்க சித்திக்கு இத ஆரும் வாசிச்சுக் குடுக்கல்லியே."