ராணுவ இசைக்குழுவில் பயின்ற நடத்துநர் தேவை, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். எங்கள் சமூக மன்றக் காற்றிசைக் குழுவுக்கு ஒரு இசை நடத்துநர் வேண்டும். சிங்கப்பூர் ஆயுதப்படை இசைக்குழுவிலோ காவல்துறை இசைக்குழுவிலோ பணியாற்றி ஓய்வுபெற்ற, பேண்ட்மாஸ்டர் (இசைக்குழுவை வழிநடத்துபவர்) பயிற்சி முடித்தவர் யாரையாவது தெரியுமா?

ராணுவப் பயிற்சியைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. எங்களிடம் 34 பேர். கிளாரினெட் மட்டும் 9, ஓபோ, பஸூன் ஆகிய மரக்குழல் கருவிகள் இல்லவே இல்லை. இருக்கிற ஆளுக்கு ஏற்ப இசைத்தாளை மாற்றி எழுதுவது படை இசைக்குழுக்களில் அன்றாட வேலை. பஸூன் வரியைப் பித்தளைக் கருவியான யூஃபோனியம் அப்படியே வாசிக்கலாம், ஆனால் ஒலி தடித்துவிடும். பேஸ் கிளாரினெட்டுக்குக் கொடுத்தால் மென்மை கிடைக்கும், ஆனால் சுரம் மாற்றி எழுத வேண்டும். எந்த இடத்தில் எது என்று காதால் முடிவெடுப்பவர்தான் தேவை.

கவலை ஒன்றுதான். திறந்தவெளி அணிவகுப்பில் நிமிடத்துக்கு 120 காலடி என்ற வேகத்திலேயே ஊறிய கை, சிறிய அறையில் ஒலியை அடக்கத் தடுமாறலாம். வார இறுதியில் வரும் தொண்டூழியர்களிடம் கட்டளையும் எடுபடாது. அதனால் விண்ணப்பிப்பவரை 20 நிமிட ஒத்திகை நடத்தச் சொல்ல எண்ணுகிறோம். மெதுவான பகுதி கொடுப்பதா, அணிவகுப்பு இசையா? ஏர்கான் அறையில் கருவிகள் குளிர்ந்து சுருதி இறங்கிக் கிடக்கும். 10 நிமிடம் ஊதிச் சூடேற்றாமல் சுருதி சேர்த்தால் பாதியிலேயே ஏறிவிடும். அவர் அதைக் கவனிக்கிறாரா என்றும் பார்ப்போம்.

இப்படித் தேர்வு நடத்திய அனுபவம் உள்ளவர்கள், மதிப்பூதியம் எவ்வளவு பேசலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னால் பேருதவி.