பழைய ஸ்காட்ஸ் மொழியில "செஞ்சே ஆகணும்"னு எப்படிச் சொன்னாங்க? இந்த "மன்" எங்கேருந்து வந்துச்சு?

செம்பனை_நிபோங்:
வணக்கம் எல்லாருக்கும். நிபோங் திபால்லேருந்து எழுதுறேன், வீட்டுக்குக் கொஞ்ச தூரத்துல கலிடோனியா தோட்டம், லத்தீன்ல கலிடோனியான்னா ஸ்காட்லாந்து, அதனாலயோ என்னவோ அந்த ஊர் சமாச்சாரம்னா எனக்கு ஒரு இழுப்பு. பகுதி நேரமா மொழியியல் படிக்கிறேன், இப்ப ஆங்கிலத்துல "செய்யணும், செய்யலாம்" சொல்ற உதவி வினைங்க எப்படி வளர்ந்துச்சுன்னு பாடம் ஓடுது. அதுல ஸ்காட்ஸுக்கு, அதாவது ஸ்காட்லாந்துல ஆங்கிலத்தோட கூடப்பொறந்த மொழிக்கு, ஒரே வரிதான்: தெற்குல, இங்கிலாந்துல, "மஸ்ட்" வர்ற எடத்துல பழைய ஸ்காட்ஸ்ல "மன்" வரும், இப்ப அது "மான்". அதோட அடுத்த பக்கம் போயிட்டாங்க.

ரெண்டுமே பழைய ஆங்கிலத்துலேருந்து வந்ததுன்னா ரெண்டுலயும் மஸ்ட் தானே முன்னால நிக்கணும்? மன் எங்கேருந்து குதிச்சிச்சு, அது வந்தப்ப மஸ்ட் என்ன பண்ணிக்கிட்டிருந்துச்சு, கட்டாயத்தச் சொல்ல வேற என்ன வினையெல்லாம் வெச்சிருந்தாங்க? தெரிஞ்சவங்க கொஞ்சம் விவரமா சொல்லுங்க, அவசரமில்ல.

வாத்தியார்_பாகான்செராய்:
நல்ல கேள்விம்மா. மன் பழைய ஆங்கிலச் சரக்கு இல்ல, அது நார்ஸ், அதாவது வைக்கிங் ஆளுங்க பேசின மொழி. அங்க "முனு"ன்னு ஒரு வினை, "நான், அவன்"ங்கிற எடத்துல அது "மன்"னு வரும். கவனிக்க வேண்டியது என்னன்னா நார்ஸ்ல அதுக்கு கட்டாயம்ங்கிற அர்த்தம் முதன்மை இல்ல, நடக்கப் போறதத்தான் சொல்லும். ஐஸ்லாந்துக்காரங்க இன்னிக்கும் "யெக் முன் ஃபாரா"ன்னா "நான் போவேன்"னு தான் அர்த்தம். அதுக்கும் பின்னால போனா நினைக்கிறது, மனசுல வெக்கிறதுங்கிற வேர், சமஸ்கிருத மனஸ் கூட அந்தக் குடும்பம் தான். மனசுல வெச்சது நடக்கப் போறதாச்சு, நடக்கப் போறது நடந்தே தீரவேண்டியதாச்சு. "விதிச்சது நடக்கும்"னு நாம சொல்றப்ப வருங்காலமும் கட்டாயமும் ஒட்டிக்கிட்டே தானே இருக்கு.

இது ஸ்காட்லாந்துக்கு எப்படிப் போச்சுன்னு பாத்தா, வைக்கிங் கப்பல் நேரா எடின்பரோவுல வந்து எறக்கி வெச்சதில்ல. இங்கிலாந்து வடக்குல, யார்க்ஷயர் பக்கம், டேனிஷ் ஆளுங்க குடியேறி ரெண்டு மொழியும் கலந்து கெடந்துச்சு. 1124லேருந்து 1153 வரைக்கும் ஆண்ட முதலாம் டேவிட் ராஜா வியாபாரத்துக்குன்னு புது டவுன்கள உண்டாக்கினாரு, அந்த டவுன்களுக்கு வடக்கு இங்கிலாந்து ஆளுங்க நெறைய வந்தாங்க, அவங்க வாயோட வந்தது தான் இந்த மாதிரி நார்ஸ் சொல்லுங்க. வடக்கு இங்கிலாந்து கிராமத்துப் பேச்சுல "முன்"னு அதே வினை ரொம்ப காலம் இருந்துச்சு, ஸ்காட்ஸோட மன்னும் அதுவும் அண்ணன் தம்பி.

1375ல ஜான் பார்பர் எழுதின புரூஸ் காவியம் தான் ஸ்காட்ஸ் இலக்கியத்துல நமக்குக் கெடைக்கிற முதல் பெரிய நூல், அதுலயே மன் கட்டாயத்துக்கு நிக்குது. ஒண்ணு மனசுல வெச்சுக்க, நம்ம கையில இருக்கிற கையெழுத்துப் படிங்க 1487லயும் 1489லயும் பிரதி பண்ணினது, எழுதினவருக்கும் பிரதி எடுத்தவருக்கும் நடுவுல நூறு வருஷத்துக்கு மேல. அசைன்மென்ட்ல எழுத்துக்கூட்டல வெச்சு வாதம் பண்றதா இருந்தா இதச் சொல்லாம விடாத.

கித்தாகாட்டு_தம்பி:
வாத்தியார் ஐயா சொன்னதோட மஸ்ட் பக்கத்தையும் பாக்கணும். பழைய ஆங்கிலத்துல "மோட்டன்"னு ஒரு வினை, அதுக்கு அர்த்தம் கட்டாயம் இல்ல, அனுமதி! "செய்யலாம், தடை இல்ல". அதோட இறந்தகால வடிவம் தான் பின்னால மஸ்ட் ஆச்சு. பழைய ஸ்காட்ஸ்ல "மோட்"னு வர்றது பெரும்பாலும் அனுமதிக்கும் வாழ்த்துக்கும் தான், "கடவுள் உன்னக் காப்பாத்தட்டும்" மாதிரி. ஃப்ரீமேசன் ஆளுங்க சடங்குல "ஸோ மோட் இட் பீ"ன்னு சொல்றாங்களே, அதே வினை தான், "அப்படியே ஆகட்டும்".

அனுமதி எப்படி கட்டாயமாச்சுன்னு நம்ம ஊர்ல கேக்கவே வேணாம். மலாய்ல "ஹாருஸ்" இருக்கே, இஸ்லாமியச் சட்டத்துல வாஜிப், சுனாட், ஹாருஸ், மக்ரூ, ஹராம்னு அடுக்குறப்ப ஹாருஸ்னா செஞ்சாலும் சரி விட்டாலும் சரி. அதே சொல்லு ஆபீஸ் கடுதாசில வந்தா செஞ்சாகணும். ஒரே சொல்லு ரெண்டு பக்கமும் நிக்குது, கேக்குற ஆளு எடத்த வெச்சு புரிஞ்சுக்கிறான். மோட்டனும் அப்படித்தான் ரொம்ப நாள் நின்னிருக்கு. தொரை "நீ போகலாம்"னா கூலிக்காரன் நிக்கவா முடியும், மேல இருக்கிறவன் குடுக்கிற அனுமதி கீழ இருக்கிறவனுக்கு உத்தரவு தான்.

என் கருத்து என்னன்னா, ஸ்காட்ஸ்ல மோட் இன்னும் வாழ்த்துலயே உக்காந்திருந்ததால கட்டாயத்துக்கு எடம் காலியா இருந்துச்சு, அதுல மன் ஏறி உக்காந்துருச்சு.

செம்பனை_நிபோங்:
ஹாருஸ் உதாரணம் பிரமாதம் அண்ணே, இத வெச்சே கிளாஸ்ல சொல்லிரலாம். ஆனா எடம் காலியா இருந்துச்சா? எனக்கு "பெஹூவ்"னு ஒண்ணு எங்கயோ படிச்ச ஞாபகம்.

வாத்தியார்_பாகான்செராய்:
சரியா புடிச்சம்மா, தம்பி சொன்ன அந்தக் கடைசிப் பகுதிய நான் ஒத்துக்கல. எடம் காலியா இல்ல, கூட்டமா இருந்துச்சு. பெஹூவ் தான் எனக்கு ரொம்பப் புடிச்சது, ஏன்னா அது தமிழ்க்காரனுக்கு உடனே புரியும். மொதல்ல அதுக்கு எழுவாயே கெடையாது, "மீ பெஹூவிஸ்", அதாவது "எனக்கு வேண்டியிருக்கு". ஆளு நாலாம் வேற்றுமையில நிப்பான், கட்டாயம் எங்கயோ வெளியிலேருந்து அவன் மேல வந்து விழும். போகப் போக "ஹி பெஹூவிட் டு"ன்னு "அவன்" எழுவாயா வந்து உக்காந்துட்டான். நம்ம வேண்டும் பாரு, "எனக்கு வேணும்"னா ஆசை, ஆளு நாலாம் வேற்றுமை. "நான் போகணும்"னா கட்டாயம், ஆளு எழுவாய். ஸ்காட்ஸ்காரன் நூத்துக்கணக்கான வருஷத்துல நடந்து போன பாதையோட ரெண்டு முனையும் நம்ம வாயில ஒரே நேரத்துல கெடக்கு.

அந்த பெஹூவ் பேச்சுல தேஞ்சு தேஞ்சு நிகழ்காலத்துக்கு "புஸ்", இறந்தகாலத்துக்கு "புட்"னு ஆயிருச்சு, வேண்டும் நம்ம வாயில வெறும் "ணும்" ஆன மாதிரி. புட் பிற்கால ஸ்காட்ஸ் பேச்சுலயும் இருந்துச்சு. முழு வடிவத்த விடாம வெச்சிருந்தது வக்கீலுங்க, ஸ்காட்லாந்து கோர்ட்டு ஆங்கிலத்துல "பெஹூவ்ட் டு"ன்னு ரொம்ப பிற்காலம் வரைக்கும் எழுதினாங்க.

கல்வெட்டு_ரசிகை:
நான் சுங்கை சிப்புட். இவ்ளோ நேரம் ஆஹ்ட் பத்தி யாரும் பேசாதது எனக்குப் பொறுக்கல :)

ஆங்கிலத்துல "ஆட்"னு சொல்றோமே அதோட ஸ்காட்ஸ் வடிவம் தான் ஆஹ்ட். மூலம் பழைய ஆங்கில "ஆகன்", சொந்தமா வெச்சிருக்கிறது. வெச்சிருக்கிறதுலேருந்து திருப்பிக் குடுக்க வேண்டியதா வெச்சிருக்கிறது, கடன்பட்டது, அதுலேருந்து செய்ய வேண்டிய கடமை. ஸ்காட்ஸ்ல விசேஷம் என்னன்னா ஆரம்பத்து அர்த்தம் சாகவே இல்ல, பிற்கால ஸ்காட்ஸ்லயும் "இது யாரோடது"ன்னு கேக்க ஆஹ்ட் உண்டு. "சல்", "சுல்ட்" (தெற்குல ஷல், ஷுட்) கூட அடியில கடன் தான், ஜெர்மன்ல அதே குடும்பத்து "ஷுல்ட்"டுக்கு கடன்னும் அர்த்தம், குத்தம்னும் அர்த்தம்.

நம்ம பக்கம் கடன், கடமை ரெண்டும் ஒரே வேர். புறநானூறு 312ல பொன்முடியார் "ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே"ன்னு பாடுறாங்க, அது பேங்க் லோன் இல்ல, பெத்து வளக்கிற கடமை. சோழர் காலத்துக் கல்வெட்டுங்கள்ல ஊர்ச்சபை "செய்யக் கடவோம்"னு எழுதிக் குடுக்கும், விளக்கு எரிக்கிறதுலேருந்து வரி செலுத்துறது வரைக்கும். ஸ்காட்லாந்து பாராளுமன்றச் சட்டங்கள் 1424லேருந்து ஸ்காட்ஸ் மொழியிலேயே இருக்கு, அதுல வரிசையா "சல்" வரும். எனக்கு சல் வர்ற எடமெல்லாம் "கடவர்"னு தான் காதுல விழுது. ரெண்டு ஊரும் ஒண்ணுக்கொண்ணு தெரியாம, கடன்பட்டவன் நெலமைய எடுத்தே சட்டத்துக்கு வினை செஞ்சிருக்கு, இத நெனச்சா எனக்கு இன்னமும் புல்லரிக்கும்.

கித்தாகாட்டு_தம்பி:
அக்கா அருமை. ஐயா சொன்ன கூட்டமா இருந்துச்சுங்கிறதையும் ஏத்துக்கிறேன், ஆனா அப்ப மன் ஏன் ஜெயிச்சது?

வாத்தியார்_பாகான்செராய்:
என் பார்வைய சொல்றேன் தம்பி. ஒவ்வொண்ணும் ஒரு சுமையோட வந்துச்சு. சல்ல எதிர்காலத்துக்கும் பயன்படுத்தினாங்க, ஆஹ்ட் நியாயத்தச் சொல்லும், ஆனா செய்யாம விட்டுறவும் முடியும், பெஹூவ் நீளம், சட்ட வாசனை. மன் ஒரே அசை, வேற வேலை இல்ல, "வேற வழியே கெடையாது"ங்கிறத அழுத்திச் சொல்லும். ஒரு ஸ்காட்ஸ் பழமொழி இருக்கு, "ஹி தட் வில் டு கூப்பர் மான் டு கூப்பர்", கூப்பர்ங்கிறது ஸ்காட்லாந்துல ஃபைஃப்ங்கிற வட்டாரத்து டவுன், அங்க போயே தீருவேன்னு புடிவாதமா நிக்கிறவன தடுக்க முடியாதுன்னு அர்த்தம். அதுல "போ"ங்கிற வினையே இல்ல பாத்தியா, வில்லும் மானும் தனியா நின்னே ஆள நடக்க வெக்குது.

அப்புறம் எறக்கம். 1560 மதச் சீர்திருத்தத்துக்கு அப்புறம் ஸ்காட்லாந்துல வாசிச்ச பைபிள் ஆங்கில பைபிள், 1603ல ராஜா லண்டனுக்கே போயிட்டாரு, எழுத்துல தெற்கு வழக்கம் ஏற ஏற மன் எடத்துல மஸ்ட் வந்துச்சு. பேச்சுல மான் நின்னுச்சு, பதினெட்டாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துக் கவிஞர் பர்ன்ஸோட கவிதை வரைக்கும் தாராளமா பாக்கலாம். இன்னிக்கு ஸ்காட்லாந்து ஆளுங்க சாதாரணமா பேசுற ஆங்கிலத்துல மஸ்ட் பெரும்பாலும் ஊகத்துக்குத்தான், "அவன் வந்திருக்கணும், லைட் எரியுது" மாதிரி. செய்ய வேண்டியதுக்கு "ஹேவ் டு", "நீட் டு" தான் சொல்லுவாங்க.

செம்பனை_நிபோங்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஒரு வரிக்குப் பின்னால இவ்ளோ இருக்குன்னு எதிர்பார்க்கல. மூல உதாரணங்கள நானே பாக்கணும்னா எங்க போறது? இங்க லைப்ரரில ஒண்ணும் கெடைக்காது.

கல்வெட்டு_ரசிகை:
லைப்ரரி தேவையே இல்லம்மா. பழைய ஸ்காட்ஸ் அகராதி 1931ல வெளிவர ஆரம்பிச்சு 2002ல 12 தொகுதியா முடிஞ்சுது, இப்ப முழுசா இணையத்துல இலவசம், போன்லயே பாக்கலாம். ஒவ்வொரு சொல்லுக்கும் வருஷத்தோட மேற்கோள் இருக்கும். ஒரே எழுத்துக்கூட்டல்ல தேடி நிறுத்திராத, மன், மோன், மேன்னு எல்லா வடிவத்துலயும் தேடு, ஆஹ்ட்டும் பெஹூவும் இன்னும் அதிக வடிவத்துல வரும். பெஹூவ எடுத்தா "மீ" வர்ற மேற்கோளையும் "ஹி" வர்ற மேற்கோளையும் தனித்தனியா வருஷ வரிசையில எழுதி வை, வாத்தியார் சொன்ன மாற்றம் உன் கண்ணு முன்னால வரும். சந்தேகம் வந்தா இங்கயே போடு, நான் ராத்திரி பாத்துட்டு பதில் போடுறேன்.