மேலப்பாளையத்துக் கறிக்கடையில் மாட்டின் இனத்துக்கு விலை உண்டா?

பொருநைக்கரையான்:
நெல்லை மேலப்பாளையத்தில் கறி எடுக்கப் போனால் எந்த மாடு என்று நாம் கேட்பதில்லை. கிலோவுக்கு ஒரே விலைதான் கொடுக்கிறோம். இனத்தைப் பார்த்துக் கறிக்கு விலை வைப்பது நமக்குப் பொருந்தாது.

சந்தைத்தரகர்:
அண்ணாச்சி, நீங்கள் கடை வாசலில் நின்று விலையைப் பார்க்கிறீர்கள். அது முடிவாவதோ சந்தையில், துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசும்போது. ஒரே உயரத்தில் இரண்டு மாடுகள் நின்றால் நான் முதலில் பின்தொடையையும் வாலின் அடியையும் அழுத்திப் பார்ப்பேன். பால் மாட்டுக்கு இடுப்பெலும்பு துருத்தி நிற்கும், வயிறு பெருத்திருக்கும்; 300 கிலோ நின்றாலும் தோல், தலை, குடல் கழித்தால் பாதி தேறுவதே கடினம். கறிக்கென்றே வளர்த்த சீமை இனத்தில் 60 சதவீதம் வரை நிற்கும். ஜெர்சிக் கலப்பு மாட்டை அறுத்தால் குண்டிக்காயை (சிறுநீரகத்தை) சுற்றி மஞ்சள் கொழுப்பு அப்பியிருக்கும். அதைக் கறியின் விலைக்கு யாரும் வாங்குவதில்லை, மஞ்சளைக் கண்டாலே கிழட்டு மாடு என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு. எருமைக் கொழுப்பு வெள்ளையாக இருப்பதால் அந்தச் சிக்கல் இல்லை.

பொருநைக்கரையான்:
அமெரிக்காவில் உரித்த மாட்டை, கறி எவ்வளவு தேறும் என்று பார்த்து 5 தரமாகப் பிரிக்கிறார்கள். தொடை, இடுப்பு, விலா, தோள் ஆகிய பகுதிகளில் எலும்பும் கொழுப்பும் நீக்கிய கறி, உரித்த எடையில் 52.3 சதவீதத்துக்கு மேல் தேறினால் முதல் தரம், 45.4 சதவீதத்துக்குக் கீழே போனால் ஐந்தாம் தரம். அந்தக் கணக்கில் இனம் என்ற கேள்வியே கிடையாது. முதுகுக் கொழுப்பின் தடிமன், விலாக்கண் சதையின் (விலாவை ஒட்டிய முதுகுச் சதையின்) பரப்பு, குண்டிக்காயைச் சுற்றிய உள்கொழுப்பு, உரித்த எடை ஆகிய நான்கையும்தான் அளக்கிறார்கள்.

சந்தைத்தரகர்:
அந்த நான்கும் எங்கிருந்து வருகின்றன? தீனிக்கும் வயதுக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரே தீனி போட்டாலும் பால் இனம் கொழுப்பை உள்ளே சேர்க்கும், கறி இனம் தோலுக்கடியில் சேர்க்கும்.

கரிசல்காட்டு விவசாயி:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி நம் மாநிலத்தில் காயம், ஊனம், தீரா நோயால் நிரந்தரமாக உதவாமல் போனவை தவிர, 10 வயது தாண்டி, உழைப்புக்கும் ஈற்றுக்கும் உதவாத மாட்டைத்தான் அறுக்கச் சான்று கிடைக்கும். அந்த வயதில் எந்த இனமானாலும் சவ்வு முற்றி, கறி வேக நேரமாகும். மென்மைக்கென்று கூடுதல் விலை கேட்க இங்கே வழியில்லை.

சந்தைத்தரகர்:
மென்மையில் நீங்கள் சொல்வது சரிதான், ஐயா. ஆனாலும் எலும்புக்கும் கறிக்கும் உள்ள கணக்கு வயதாவதால் மறைவதில்லை. அண்ணாச்சி அடுத்த சந்தை நாளில் வாருங்கள். ஒரு கலப்பின மாட்டையும் ஓர் எருமையையும் தொட்டுக் காட்டுகிறேன், பிறகு கடையில் எலும்பைத் தனியாக நிறுத்துப் பார்ப்போம்.