‘துல்லிய மருத்துவம்’ பொருந்துகிறதா? ‘வகையறி மருத்துவம்’ – ஒரு பரிந்துரை

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம். ஒரே நோய் உள்ளவர்களையும் உட்பிரிவுகளாகப் பிரித்து, அதற்கேற்பச் சிகிச்சை தரும் ‘precision medicine’ துறைக்கு நம் குழுவில் தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். அதில் எழுந்த ஒரு கேள்வி:

> துல்லிய மருத்துவம் என்று ஏற்கெனவே செய்தித்தாள்களில் வந்துவிட்டதே, புதிதாக ஒன்று எதற்கு?

நியாயமான கேள்வி. புழக்கத்தில் இருக்கும் சொல்லைக் கலைக்க எனக்கும் விருப்பம் இல்லை. ஆனால் இந்தச் சொல் படிப்பவரை வேறு பக்கம் இழுத்துப் போகிறது. என் அத்தையிடம் இதைச் சொன்னபோது, “அப்ப இத்தனை நாளும் குத்துமதிப்பாகவா வைத்தியம் பார்த்தார்கள்?” என்று கேட்டார். ‘துல்லியம்’ என்றதும் குறி தப்பாத, பிழையே வராத மருத்துவம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

போன வாரம் இங்கே வந்த ‘ஆளுக்கேற்ற மருத்துவம்’ கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் ஆளுக்கு ஒரு மருந்து செய்து தருவார்கள் என்ற எண்ணத்தை அது உண்டாக்கும். இந்தத் துறைக்குப் பாதை போட்ட அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் 2011 அறிக்கை அந்த எண்ணத்தையே மறுத்தது. நோய் வரும் வாய்ப்பு, நோயின் போக்கு, மருந்துக்கு உடல் காட்டும் விளைவு ஆகியவற்றில் வேறுபடும் உட்பிரிவுகளைக் கண்டறிந்து, அதற்கேற்பச் சிகிச்சை தருவதுதான் நோக்கம் என்றது.

ஆக, இங்கே நடக்கும் வேலை வகை அறிதல். ஒரு எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தச் சொல் எனக்குத் தோன்றியதே அதைப் படித்தபோதுதான். மூளைக்கட்டிகளில் பல, நுண்ணோக்கியில் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஜெர்மனியின் ஹைடல்பெர்க் ஆய்வாளர்கள் அவற்றின் தோற்றத்தை விட்டுவிட்டு, டி.என்.ஏ.வில் மெத்தில் குழுக்கள் என்ற சிறு வேதித் துணுக்குகள் எங்கெங்கே ஒட்டியிருக்கின்றன என்ற கோலத்தை எடுத்துக்கொண்டார்கள். சுமார் 2,800 மாதிரிகளின் கோலங்களை ‘ரேண்டம் ஃபாரஸ்ட்’ என்ற இயந்திரக் கற்றல் முறைக்குக் கொடுத்து, 82 கட்டி வகைகளைப் பிரித்தறியப் பழக்கினார்கள். 2018இல் வெளியான அந்த ஆய்வில், புதிதாக வந்த நோயாளிகளின் கட்டிகளைச் சோதித்தபோது 12 விழுக்காடு வரை, முதலில் சொன்ன நோயின் பெயரே மாறிப்போனது. பெயர் மாறினால் சிகிச்சையும் மாறலாம். ஒரு குழந்தைக்குக் கதிர்வீச்சு தேவையா இல்லையா என்பதுகூட அதைப் பொறுத்திருக்கலாம்.

அதனால் என் பரிந்துரை: வகையறி மருத்துவம். பள்ளியில் ‘ஒளி உமிழ் டையோடு’ என்று படித்தோமே, அதே போன்ற வினைத்தொகைதான். சொல்லிப் பாருங்கள், நாக்கில் தடங்கல் இல்லை. கணினித் தரப்பில் ‘வகைப்படுத்தல்’ என்ற சொல் ஏற்கெனவே இருப்பதால், இரண்டு துறைக்காரர்களும் ஒரே வேர்ச்சொல்லில் பேசிக்கொள்ளலாம்.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுவே முக்கியம். ‘வகையறி’ என்றதும் “யாரிடமிருந்து கற்ற வகைகள்?” என்ற கேள்வி தானாக வரும். இதயத் தசைநோயோடு தொடர்புடைய, எம்.ஒய்.பி.பி.சி.3 என்ற மரபணுவில் 25 கார இணைகள் (டி.என்.ஏ. ஏணியின் படிகள்) விடுபட்ட மாற்றத்தைப் பாருங்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற 2009ஆம் ஆண்டு ஆய்வு, இந்தியத் துணைக்கண்டத்தில் சுமார் 4 விழுக்காட்டினரிடம் இது இருப்பதாகக் காட்டியது. ஐரோப்பிய மாதிரிகளை மட்டும் படித்த நிரல் இதைக் கற்றிருக்கவே வழியில்லை.

ஒரு தயக்கம் மட்டும் இருக்கிறது. எந்த வகை, மருத்துவத்தின் வகையா நோயின் வகையா என்று புதிதாகக் கேட்பவர் குழம்பக்கூடும். ‘உள்வகையறி மருத்துவம்’ என்றால் தெளிவு கூடும், ஆனால் நீள்கிறது. மருத்துவர்கள் இக்குழுவில் இருக்கிறீர்கள். நோயாளியின் வீட்டாரிடம் விளக்கும்போது இவற்றில் எது எளிதாக வாயில் வரும் என்று சொல்லுங்கள்.

அன்புடன்