மலைப்பாதையில் மகளுக்கு வாந்தி: குன்னூருக்கு எப்படிப் போவது?

மகளுக்கு மூன்று வயது. காரில் மலை ஏறினால் வாந்தி. அடுத்த மாதம் குன்னூரில் நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசம், போகாமல் இருக்க முடியாது.

நாங்கள் இருப்பது பெங்களூரு, கே.ஆர்.புரம். வண்டி வேகன்ஆர். வழக்கமாக மைசூரு, குண்டல்பேட்டை, பந்திப்பூர், கூடலூர் வழி. பந்திப்பூரில் இரவு 9 முதல் காலை 6 வரை வண்டி விட மாட்டார்கள், அதனால் அவள் தூங்கும் நேரத்தில் கடந்துவிடலாம் என்பதும் நடக்காது. மைசூரு வரை பாட்டும் கூத்துமாக வருவாள். கூடலூர் தாண்டி வளைவுகள் தொடங்கியதும் கொட்டாவி, முகம் வெளுக்கும், அப்புறம் வாந்திதான். ஊட்டியில் இறங்கியதும் பசிக்கிறது என்பாள்!

வெறும் இட்லி கொடுத்துப் பார்த்தோம். ஜன்னலைத் திறந்து வைத்தோம், போனைக் கையில் கொடுப்பதே இல்லை. எலுமிச்சம்பழத்தை முகர வைக்கச் சொன்னார் மாமியார். அவள் அதைக் கடித்துத் துப்பினாள். டாக்டர் கொடுத்த சிரப்பில் தூக்கம் வந்தது, வாந்தி நிற்கவில்லை.

திம்பம் வழி வேண்டாம், அங்கே 27 கொண்டை ஊசி வளைவுகள். சேலம் வழியாக மேட்டுப்பாளையம் போய் இரவு தங்கி, காலையில் மலை ரயில் ஏறலாமா என்று யோசனை. மெதுவாகத்தான் ஏறும், ஆனால் குன்னூர் வரை மூன்று மணி நேரத்துக்கும் மேல்.

காரில் வாந்தி எடுக்கும் குழந்தையை அந்த ரயிலில் கூட்டிப்போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா, அதில் வாந்தி குறைந்ததா?